நண்டின் வடிவும் அதன் வாழிடமும்



நண்டு நாம் எல்லோரும் அறிந்த பிராணி. எட்டுக் கால்கள், இரண்டு கொடுக்குகள், பக்கவாட்டில் ஓடும் நடை, ஓட்டுக்குள் அடங்கிய உடல் என்று அதன் இலக்கணத்தைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆயினும், நமது சோழமண்டலக் கரையில் ஒரு நாள் விடியற்பொழுதில் நடந்து பார்ப்பவருக்கு, நண்டு என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை உருவங்கள் அடங்கியிருக்கின்றன என்பது புலனாகும்.

வலையிலிருந்து மீனவர் உதறி எடுக்கும் நீலக்கால் நண்டைப் பாருங்கள். அதன் மேலோடு அகன்று தட்டையாக இருக்கிறது. இரு பக்கமும் ஈட்டிபோல் ஒரு முள் நீண்டிருக்கிறது. கடைசிக் கால்கள் இரண்டும் துடுப்பைப்போல் விரிந்திருக்கின்றன. சற்று மேலேறி உலர்ந்த மணலுக்கு வந்தால், அங்கே வளைக்குள் வாழும் மணல் நண்டு சதுரமான பெட்டிபோன்ற உடலும் நீண்ட கால்களும் உடையதாய், காற்றில் பறக்கும் சருகுபோல் ஓடி மறைகிறது. துறைமுகத்துக் கற்களில் அலை வந்து மோதும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாறை நண்டோ தகடுபோல் தட்டையானது. அதன் கால் நுனிகள் கூர்மையாக வளைந்து கல்லைப் பற்றுகின்றன. பிச்சாவரம் முதலிய இடங்களிலுள்ள சுரபுன்னைக் காட்டுச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்த சின்னஞ்சிறு நண்டுகள் அக்கொடுக்கை அசைத்து அசைத்து யாரையோ அழைப்பதுபோல் நிற்கின்றன.

ஒரே கடற்கரை, ஒரே குலத்துப் பிராணி. உருவம் மட்டும் இவ்வாறு வேறுபடுவானேன்? இக்கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றில் தத்துவஞானி உண்டு, போர்வீரர் உண்டு, பாதிரியார் உண்டு; என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் உண்டு.

முதலில் பழங்காலத்தை எண்ணுவோம். நம் சங்கப் புலவர்கள் நண்டை அலவன் என்றும், ஞெண்டு என்றும், களவன் என்றும் அழைத்தனர். உயிர்களை அவை வாழும் நிலத்தோடு சேர்த்துப் பார்ப்பதே தமிழரின் திணை மரபு. ஆகவே, வயல் நண்டு மருதத்துக்கு உரியதாயிற்று. கடற்கரை நண்டு நெய்தலுக்கு உரியதாயிற்று. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் நண்டைப் பற்றியே 'கள்வன் பத்து' என ஒரு பத்து அமைந்துள்ளது. அதில் ஒரு புலவர் வயல் நண்டின் நீண்ட கண்ணை வேம்பின் அரும்புக்கு ஒப்பிடுகிறார். நற்றிணையில் மணல்மேட்டு நண்டின் கண் நொச்சி அரும்பாகக் காட்சியளிக்கிறது. காம்பின் நுனியில் நிற்கும் அரும்பு என்பது நண்டின் கண்ணுக்கு எவ்வளவு பொருத்தமான உவமை! இவ்வுவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலில் நண்டுகளுக்கும் இடம் தந்திருக்கிறார். பினீசியக் கடற்கரையில், பிடிப்பதற்கு அரியதாய் மிக விரைந்து ஓடும் ஒருவகை நண்டு உண்டு என்றும், அதனைக் 'குதிரை வீரர்' என்று அழைக்கின்றனர் என்றும் அவர் குறித்தார். அந்நண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே வெறுமையாக இருக்கிறது. மேய்ச்சல் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். அவர் கூறிய காரணம் சரியன்று. ஆனால், மணலில் ஓடும் நண்டின் உடலுக்குள்ளே பெரிய வெற்றறைகள் இருப்பது உண்மை. அவ்வறைகள் எதற்காக என்பது விளங்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இனி அருங்காட்சியகங்களின் காலத்துக்கு வருவோம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், உலகத்து விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டினார். அப்போது நண்டு, இறால், துறவி நண்டு யாவும் ஒரே பேரினத்துள் அடங்கின. அந்தப் பேரினமும் பூச்சிகளின் வகுப்பில் வைக்கப்பட்டது. அதன்பின் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் பெட்டி பெட்டியாக மாதிரிகள் சென்றன. அவற்றுள் சில நம் தரங்கம்பாடியிலிருந்து சென்றவை. அக்காலத்தில் அவ்வூர் டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ப் என்னும் டேனிஷ் இராணுவ அதிகாரி கடற்கரையிலும் கழியிலும் நண்டுகளைச் சேகரித்தார். பனையேறிக் கெண்டை என்னும் மீன் ஒன்று பனைமரத்தில் ஏறக் கண்டதாக 1791-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பதிவு செய்தவரும் அவரே. அவர் சேகரித்த நண்டுகளைப் பெற்றுப் பெயரிட்டு 1798-ஆம் ஆண்டில் நூலில் வெளியிட்டவர் பெப்ரீசியஸ் என்னும் பேராசிரியர். தரங்கம்பாடியில் சமயப் பணி புரிந்த ஜான் பாதிரியாரும் ஐரோப்பிய அறிஞர்களுக்கு உயிரின மாதிரிகளை அனுப்பி வந்தார். பெர்லின் நகரில் ஹெர்ப்ஸ்ட் என்னும் மற்றொரு பாதிரியார் 1782 முதல் 1804 வரை நண்டுகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு பெருநூலை வெளியிட்டார்.

இவர்கள் இட்ட பெயர்களிலேயே உருவமும் செயலும் தெரியும். மணலில் ஓடும் நண்டுக்கு 1795-ஆம் ஆண்டில் 'விரைந்த காலுடையது' என்று பொருள்படும் ஒசிபோடு என்னும் கிரேக்கப் பெயர் கிடைத்தது. நீந்தும் நண்டுக்குப் போர்ச்சூனஸ் என்று, துறைமுகங்களுக்குரிய உரோமானியத் தெய்வத்தின் பெயரை வைத்தனர். ஆயினும் இக்காலத்து அறிவில் ஒரு பெருங்குறை இருந்தது. பெர்லினிலும் கீலிலும் இருந்த அறிஞர்கள் கண்டவை உலர்ந்த ஓடுகளும் சாராயத்தில் ஊறிய உடல்களும்தாம். அந்நண்டு எங்கே வாழ்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் 'இந்தியக் கடல்' என்ற அளவிலேயே குறிப்பு இருந்தது. அது மணலில் பிடிபட்டதா, சேற்றிலா, பாறையிலா, எந்த ஆழத்தில் என்பதெல்லாம் வழியிலேயே தொலைந்து போயின. விளிம்பில் எத்தனை பல், நெற்றியில் எத்தனை கூர், கொடுக்கில் எத்தனை வரி என்று எண்ணி இனம் பிரித்தார்கள். அந்தப் பல் எதற்கு, அந்த வரி எதற்கு என்று கேட்பதற்கு அவர்களிடம் வாய்ப்பில்லை. இடத்திலிருந்து பிரித்தெடுத்த உடல், ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த ஒரு வரியைப் போன்றது. எழுத்துத் தெரியும், பொருள் விளங்காது.

இந்நிலையில் 1859-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தம் பரிணாமக் கொள்கையை வெளியிட்டார். ஓர் இனத்துக்குள் தோன்றும் சிறு சிறு வேறுபாடுகளுள் வாழிடத்துக்கு ஏற்றவை நிலைக்கின்றன, ஏலாதவை அழிகின்றன. பல தலைமுறைகளில் இதுவே உருவத்தை மாற்றுகிறது என்பது அக்கொள்கையின் சாரம். உடல் இடத்துக்குப் பொருந்தியிருக்கிறது என்பதை அதற்கு முன்பும் பலர் சொல்லியிருந்தனர். கடவுள் ஒவ்வோர் உயிரையும் அதனதன் இடத்துக்காகவே படைத்தார் என்று அதற்குக் காரணமும் கூறினர். பொருத்தத்தை இருவரும் ஒப்புக்கொள்கின்றனர். அப்படியானால் டார்வினின் கொள்கையைச் சோதிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு நண்டைக் கொண்டு விடை தேடியவர்தாம் நான் முன்னே குறிப்பிட்ட பள்ளி ஆசிரியர்.

அவர் பெயர் பிரிட்ஸ் முல்லர். 1822-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். மருத்துவம் கற்றும், தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத சமய உறுதிமொழியைச் சொல்ல மறுத்ததால் பட்டம் பெறவில்லை. 1852-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக்குக் குடும்பத்துடன் குடியேறினார். டெஸ்டெரோ என்னும் கடற்கரை ஊரில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். இன்று அவ்வூர் புளோரியனாபோலிஸ் எனப்படுகிறது. கற்பித்த நேரம் போக எஞ்சிய பொழுதில் கடற்கரையிலும் சதுப்பு நிலத்திலும் உயிருள்ள நண்டுகளை அவர் கூர்ந்து நோக்கினார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1864-ஆம் ஆண்டில் டார்வினுக்கு ஆதரவாக ஒரு சிறு நூலை வெளியிட்டார்.

அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள, நண்டு மூச்சு விடுவதைச் சற்று அறிய வேண்டும். நண்டுக்குச் செவுள்கள் மேலோட்டின் இரு பக்கத்திலும் உள்ள அறைகளில் இருக்கின்றன. நீர் கால்களின் அடிப்புறத்தே உட்புகுந்து, செவுள்களை நனைத்து, வாயருகே வெளியேறும். அந்நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை நண்டு ஏற்றுக்கொள்கிறது. நீரை விட்டு நிலத்துக்கு வந்து வாழும் நண்டுக்கோ செவுள் அறைக்குள் காற்றுப் புக ஒரு வழி வேண்டும். அவ்வழி எப்படி அமைந்திருக்கும்?

முல்லர் இங்கேதான் ஒரு கணித ஆசிரியருக்கே உரிய முறையில் எண்ணினார். டார்வின் கூறுவது மெய்யானால், எல்லா நண்டுகளுக்கும் பொதுவான மூதாதை நீரில் வாழ்ந்தது. நண்டுக் குடும்பங்கள் நீரில் இருக்கும்போதே தனித்தனியே பிரிந்துவிட்டன. அதன் பிறகே, ஒவ்வொரு குடும்பத்திலும் சில இனங்கள் தத்தம் வழியில் கரையேறின. ஆகவே, அவற்றின் மற்ற உறுப்புகள் எவ்வளவு ஒத்திருந்தாலும், காற்றை உட்கொள்ளும் அமைப்பு மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டே இருக்க வேண்டும். இதனை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு, பிறகு நண்டுகளைச் சோதித்தார்.

சுரபுன்னைக் கிளைகளில் ஏறித் திரியும் நண்டும் அதன் உறவினங்களும், மூச்சுவிடும்போது மேலோட்டின் பின்பகுதியைச் சற்றே உயர்த்துகின்றன. அப்போது கடைசிக் கால்களுக்கு மேலே ஒரு பிளவு திறந்து காற்று உட்புகுகிறது. மணலில் ஓடும் விரைகால் நண்டோ மேலோட்டை உயர்த்துவதில்லை. அதற்கு இரண்டு கால்களின் அடிப்பகுதிகளுக்கு நடுவே ஒரு துளை உண்டு. அதன் இரு மருங்கிலும் அடர்ந்த மயிர்வரிசை காவலாக நிற்கிறது. தேவை ஒன்றே, வழிகள் வேறு வேறு. முல்லர் எதிர்பார்த்தது பொய்க்கவில்லை. டார்வின் இந்நூலைப் படித்துப் பெரிதும் மகிழ்ந்தார். தம் செலவிலேயே 1869-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தார். தமது நூலின் பிந்திய பதிப்பில் இவ்வாராய்ச்சியை எடுத்துரைத்தும் இருக்கிறார்.

அரிஸ்டாட்டில் கண்ட வெறுமைக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. மணல் நண்டின் செவுள் அறை மிகப் பெரியது. அதன் உட்சுவரில் இரத்தம் நிறைந்து ஓடுகிறது. ஆகவே அது நுரையீரலைப் போல் பயன்படுகிறது. அந்நண்டின் உடல் தட்டையாக இராமல் பெட்டிபோல் உயர்ந்திருப்பதன் பொருத்தம் இப்போது தெரிகிறதல்லவா? கால்களிடையே உள்ள மயிர்க்கற்றைக்கும் இன்னொரு வேலை உண்டு. நண்டு ஈர மணலில் அமரும்போது, விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் அம்மயிர்கள் மணலிலுள்ள நீரை ஈர்த்துச் செவுள்களை நனைக்கின்றன.

முல்லர் காட்டிய வழியில் பலர் கடற்கரைக்குத் திரும்பினர். இங்கிலாந்தில் பிளைமவுத் கடலாராய்ச்சி நிலையத்தில் 1896, 1897-ஆம் ஆண்டுகளில் வால்டர் கார்ஸ்டாங் என்பவர் மணலில் புதைந்து வாழும் நண்டுகளை ஆராய்ந்தார். கோரிஸ்டஸ் என்னும் நண்டுக்கு உடலளவு நீண்ட இரு உணர்கொம்புகள் உண்டு. அவற்றின் ஓரங்களில் மயிர்கள் வரிசையாக அமைந்துள்ளன. நண்டு மணலுள் மறைந்திருக்கும்போது அவ்விரண்டு கொம்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குழாய் ஆகிவிடுகின்றன; அக்குழாயின் நுனி மட்டும் மணலுக்கு மேலே தெரியும். அப்போது நீரோட்டம் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி, தெளிந்த நீர் குழாய் வழியே முன்புறமாக உள்ளே இறங்குகிறது. மணல் நண்டுகள் சிலவற்றின் ஓட்டு விளிம்பிலுள்ள பற்கள், உட்புகும் நீரிலிருந்து மணலைத் தடுக்கும் சல்லடையாக உதவுவதையும் அவர் விளக்கினார். அருங்காட்சியகத்தார் இனம் பிரிப்பதற்காக எண்ணி வைத்த அதே பற்கள்! அவை வெறும் அடையாளங்கள் அல்ல, கருவிகள் என்பது அந்நண்டை அதன் மணலிலேயே கண்டபோதுதான் தெரிந்தது.

அதே பிளைமவுத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. இயற்கைத் தேர்வு வாழும் உயிர்களில் நடைபெறுவதை அளந்தே காட்ட முடியுமா என்று வெல்டன் என்னும் பேராசிரியர் முயன்றார். பிளைமவுத் விரிகுடாவின் வாயிலில் ஓர் அலைத்தடுப்புச் சுவர் 1812-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்டது. அச்சுவர் எழுந்த பின்னர், ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் வெண்களிமண்ணும் கடலுக்குள் அடித்துச் செல்லப்படாமல் விரிகுடாவிலேயே தங்கலாயின என்று வெல்டன் கருதினார். அங்கே வாழும் கரை நண்டுகளின் நெற்றி அகலத்தை 1893 முதல் 1898 வரை அவர் அளந்து பார்த்தார். ஒரே அளவுள்ள நண்டுகளை ஒப்பிட்டபோது, ஆண்டு செல்லச் செல்ல நெற்றி சற்றுக் குறுகி வருவதைக் கண்டார். பிறகு, களிமண் கலக்கிய நீரில் நண்டுகளை விட்டுச் சோதித்தார். மாண்ட நண்டுகளின் நெற்றி, பிழைத்தவற்றின் நெற்றியைவிடச் சராசரியில் அகன்றிருந்தது. குறுகிய நெற்றியுடைய நண்டு நீரை நன்கு வடிகட்டிச் செவுளைக் காத்துக்கொள்கிறது என்பது அவர் முடிவு.

இம்முடிவை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நண்டு வளரும்போது அதன் உறுப்புகளின் விகிதம் தானே மாறும்; ஐந்தாண்டுக் காலம் மிகக் குறைவு; வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்று வாதங்கள் எழுந்தன. வெல்டன் 1906-ஆம் ஆண்டில் நாற்பத்தாறாம் வயதில் காலமானார். அவருடைய முடிவு எவ்வாறாயினும், அவர் காட்டிய முறை நிலைத்துவிட்டது. 'இவ்வுருவம் இவ்விடத்துக்குப் பொருத்தமானது' என்று அழகாகச் சொல்லிவிட்டால் போதாது. அளக்க வேண்டும், சோதிக்க வேண்டும், மாற்றுக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும் என்பதே அம்முறை.

நம் நாட்டிலும் இக்காலத்தில் சிறந்த பணி நடந்தது. இந்தியக் கடல் அளவைக் கப்பலாகிய 'இன்வெஸ்டிகேட்டரில்' மருத்துவராகச் சென்ற ஆல்காக், பின்னர்க் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைவரானார். 1895 முதல் 1900 வரை இந்திய நண்டுகளைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதினார். மணல் நண்டு தன் பெருங்கொடுக்கின் உட்புறத்திலுள்ள வரிகளை அக்காலின் அடிப்பகுதியில் உரசி ஒலி எழுப்புவதையும், சேற்று நண்டின் ஆண் தன் பெருங்கொடுக்கை ஆட்டுவதையும் அவர் உயிருள்ள நண்டுகளிடமே கண்டு எழுதினார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டது. ஒரு சிறு தீவை எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்வன எவை என்று ஆராய்ந்த அந்நூல் நம் மாணவர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது.

பின்வந்த ஆராய்ச்சிகளில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வாயைப் பற்றியது. ஒரு கொடுக்குப் பெருத்த சேற்று நண்டுகள் மண்ணை வாயில் இட்டு, அதிலுள்ள நுண்ணிய உணவை மட்டும் பிரித்துக்கொண்டு மண்ணை உமிழ்ந்துவிடும். அமெரிக்காவில் வட கரோலினாக் கரையில் ஆராய்ந்த மில்லர் 1961-ஆம் ஆண்டில் இதன் நுட்பத்தை விளக்கினார். மணற்பாங்கான இடத்தில் வாழும் இனத்துக்கு வாயுறுப்புகளில் கரண்டிபோன்ற நுனியுடைய மயிர்கள் மிகுதி; அவை ஒவ்வொரு மணலையும் சுரண்டி எடுக்க உதவுகின்றன. நுண்சேற்றில் வாழும் இனங்களுக்கு அத்தகைய மயிர்கள் குறைவு. வெளியே பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும் இரு நண்டுகளின் வாயைத் திறந்து பார்த்தே, அவை எந்த மண்ணில் வாழ்பவை என்று கூறிவிடலாம்.

இரண்டாவது, கால்களைப் பற்றியது. டாட்டில்லா, ஸ்கோபிமெரா என்னும் சிறு நண்டுகள் அலை வடிந்த மணலில் மேய்ந்து, உண்டு எஞ்சிய மணலைச் சிறு உருண்டைகளாகப் போட்டுச் செல்லும். நம் கீழைக் கரையிலும் டாட்டில்லா உண்டு. இவற்றின் கால்களில் மெல்லிய சவ்வாலாகிய சாளரம் போன்ற பகுதிகள் உள்ளன. அவற்றைக் கண்ட பழைய அறிஞர்கள் செவிப்பறை என்று பெயரிட்டுவிட்டனர். அப்பெயர் நூல்களிலும் நின்றுவிட்டது. 1986-ஆம் ஆண்டில் மெயிட்லண்ட் என்பவர் அச்சவ்வுகளை மூடிப் பார்த்தார். நண்டு ஏற்றுக்கொள்ளும் பிராணவாயு குறைந்துபோயிற்று. அவை கேட்கும் செவிகள் அல்ல. காற்றை ஏற்கும் மூச்சுறுப்புகள்! நிலத்தில் மூச்சுவிட முல்லர் கண்ட வழிகளோடு இன்னொரு வழியும் சேர்ந்தது. தோற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் பயனை ஊகித்துவிடக் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

மூன்றாவது, கண்களைப் பற்றியது. அதே 1986-ஆம் ஆண்டில் சைல் என்பவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும், சமவெளியில் வாழும் நண்டுகளையும் பாறைகளிலும் மரங்களிடையேயும் வாழும் நண்டுகளையும் ஒப்பிட்டனர். மணல்வெளியிலும் சேற்றுவெளியிலும் வாழ்பவற்றின் கண்கள் நீண்ட காம்புகளில், ஒன்றுக்கொன்று அருகே, செங்குத்தாக நிற்கின்றன. பாறையிலும் புதரிலும் வாழ்பவற்றின் கண்களோ குறுகிய காம்புகளில், முகத்தின் இரு ஓரங்களில் அமைந்துள்ளன. இதன் காரணம் யாது? மேடுபள்ளமில்லாத வெளியில் தொடுவானமே பெரிய அடையாளம். கண் உயர்ந்திருந்தால், தொடுவானத்துக்குக் கீழே தெரிவது தன்னைவிடச் சிறியது, மேலே எழுவது தன்னைவிடப் பெரியது என்று நண்டு அறியலாம். பொருளின் தொலைவையும் கணிக்கலாம். பாறையிடையே தொடுவானம் தெரியாது. அங்கே அகன்று நிற்கும் இரு கண்களின் கூட்டுப் பார்வைதான் தொலைவை உணர்த்த உதவும் என்பது அவர்கள் கருத்து.

நொச்சி அரும்பென்று நற்றிணைப் புலவர் பாடியது எந்த நண்டை? மணல்மேட்டில் கூட்டமாய்த் திரியும் நண்டை. காம்பின்மேல் எழுந்து நிற்கும் அரும்பு அந்த மணல்வெளிக்கு உரிய கண். புலவர் காரணம் கூறவில்லை. ஆனால் இடத்தையும் உருவத்தையும் சேர்த்தே கண்டார். அவர் கண்ட காட்சிக்கு விஞ்ஞானம் காரணம் கண்டது.

இத்தனையும் கேட்டபின், இடமே உடலைப் பிசைந்து உருவாக்குகிறது என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடும். அது பாதி உண்மையே. குலமரபு மற்றப் பாதி. துடுப்புக் கால் உடைய நண்டு நீந்துவதற்காகப் புதிய உறுப்பு ஒன்றைப் பெறவில்லை. நடக்கும் காலே அதற்குத் துடுப்பாயிற்று. முல்லரின் நண்டுகள் புதிய நுரையீரலைப் பெறவில்லை. செவுள் அறைக்கே ஒரு வாயில் திறந்தது. பழைய வீட்டை இடிக்காமல், இருக்கும் அறைகளையே புதிய வாழ்வுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் குடும்பத்தைப் போன்றது இது. மறுபுறம், வெவ்வேறு குலங்களும் ஒரே உருவத்தை அடைவதுண்டு. துறவி நண்டின் உறவினங்கள் சில, வாலைக் குறுக்கி வயிற்றின் அடியில் மடித்துக்கொண்டு, நண்டின் வடிவையே பெற்றுவிட்டன. இம்மாற்றத்துக்குப் போரடெய்ல் என்னும் ஆங்கில அறிஞர் 1916-ஆம் ஆண்டில் தனிப் பெயரே இட்டார். ஆகவே உருவத்தைப் படிப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இது எங்கே வாழ்கிறது? இது எந்தக் குலத்தில் வந்தது?

2008-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பட்டியல் உலகில் அதுவரை அறியப்பட்ட மெய்யான நண்டினங்களை 6,793 என்று கணக்கிட்டது. எண் பெரிதுதான். ஆனால் நண்டின் உடல் அதன் இடத்தோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளது என்பதை அறிந்தவருக்கு, இவ்வெண்ணிக்கை ஆறுதல் தராது. கரண்டி மயிரால் மணலைச் சுரண்டும் நண்டின் கரையில் நுண்சேறு வந்து மூடினால், அதன் வாய் அங்கே பயன்படாது. கழியைத் தூர்த்து மேடாக்கினால், சுரபுன்னைக் கிளையில் ஏறும் நண்டு மணல்வெளிக்குக் குடிபோக முடியாது. பல்லாயிரம் தலைமுறைகளில் இடத்துக்கேற்ப அமைந்த உடலை ஓராண்டில் மாற்றிக்கொள்ள எந்த உயிராலும் இயலாது. இடத்தைக் காப்பதும் உயிரைக் காப்பதும் நண்டைப் பொறுத்தவரை இருவேறு செயல்கள் அல்ல.

மாணவர்களே, இவ்வரலாற்றில் பங்குகொள்ளப் பெரிய கருவிகள் எவையும் வேண்டா. பிரிட்ஸ் முல்லர் கையில் என்ன இருந்தது? தெளிவான கேள்வியும், ஓய்வு நேரமும்தாம். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். நண்டைப் பிடித்துப் புட்டியில் அடைக்க வேண்டா. அது நின்ற இடம் ஈர மணலா, உலர்ந்த மணலா, கல்லா, சேறா என்பதை முதலில் எழுதுங்கள். அலை அங்கே எட்டுமா என்று பாருங்கள். அதன் பிறகு காலையும் கண்ணையும் ஓட்டையும் வரைந்துகொள்ளுங்கள். தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய நண்டுகளோடு செல்லாமல் போன குறிப்பு அதுதான். அக்குறிப்பு இருந்தால், மற்றதை நண்டின் உருவமே உங்களுக்குச் சொல்லும்.